பாதியில் நின்ற ஆப்ட் அப்கிரேடு: எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

டெபியனோ உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ, அப்கிரேடு நடுவில் நின்றால் திரையில் கடைசியாக நிற்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: "சப்-ப்ராசஸ் /யூஎஸ்ஆர்/பின்/டிபிகேஜி ரிட்டர்ன்டு அன் எரர் கோட் (1)". இதை அப்படியே தேடினால் நூறு தீர்வு கிடைக்கும். ஒன்றுகூட உங்கள் கணினிக்குப் பொருந்தாமல் போகலாம். ஏனென்றால் அந்த வரியில் விஷயமே இல்லை. பேக்கேஜ்களை (நிரல்களின் நிறுவல் பொதிகளை) நிறுவும் டிபிகேஜி தோற்றுவிட்டது என்று, அதை ஏவும் ஆப்ட் தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் தோற்றது என்பது அதற்கு முப்பது வரி மேலேயும் இருக்கலாம், முந்நூறு வரி மேலேயும் இருக்கலாம். அந்த முதல் பிழையைப் படிக்காமல் எந்தக் கட்டளையையும் தட்டாதீர்கள்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்; பேரெழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே குறிப்பிட்டிருக்கிறோம்.

முதலில், நின்றது யார்?

அப்கிரேடில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஆப்ட் களஞ்சியத்தின் (பேக்கேஜ்கள் இறங்கும் இணைய சர்வர்) பட்டியலைப் படித்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, கோப்புகளை இறக்கித் தரும். டிபிகேஜி அவற்றைப் பிரித்து வட்டில் வைக்கும். மூன்றாவது ஆள் பேக்கேஜுக்குள்ளேயே வரும் சிறு ஸ்கிரிப்ட்கள்: ப்ரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட், ப்ரீஆர்எம், போஸ்ட்ஆர்எம். சர்வீஸை நிறுத்துவது, புதிய பயனரை உருவாக்குவது, தரவுத்தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவது எல்லாம் இவற்றின் வேலை. அவை /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ ஃபோல்டரில் படிக்கக்கூடிய உரையாகவே கிடக்கின்றன.

பிழை வரியின் முகத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். எதுவும் இறங்குவதற்கு முன்பே நின்றால் ஆப்ட். "எரர் ப்ராசஸிங் ஆர்க்கைவ்" என்று வந்தால் டிபிகேஜி பிரிக்கும்போது தடுமாறியிருக்கிறது: இடம் போதவில்லை, அல்லது இரண்டு பேக்கேஜ் ஒரே கோப்புக்குச் சண்டை போடுகின்றன. "எரர் ப்ராசஸிங் பேக்கேஜ்" என்று வந்து அருகே "--கான்ஃபிகர்" என்றிருந்தால் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் விழுந்திருக்கிறது, அல்லது அது சார்ந்திருக்கும் இன்னொன்று விழுந்ததால் இது காத்திருக்கிறது.

திரையில் ஓடிப்போன வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாம் /வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக் கோப்பில் இருக்கும். அதை லெஸ் கட்டளையில் திறந்து, பேரெழுத்து ஜி அழுத்திக் கடைசிக்குப் போங்கள். கேள்விக்குறி போட்டு "லாக் ஸ்டார்ட்டட்" என்று பின்னோக்கித் தேடினால் கடைசி அப்கிரேடின் தொடக்கத்தில் நிற்பீர்கள். அங்கிருந்து சாய்கோடு போட்டு "எரர் ப்ராசஸிங்" என்று முன்னோக்கித் தேடுங்கள். முதலில் கிடைப்பதுதான் வேர். அதற்குக் கீழே வருபவை பெரும்பாலும் அதன் விளைவு.

அடுத்து, எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்க:

சூடோ டிபிகேஜி --ஆடிட்

டிபிகேஜி -எல் பட்டியலின் முதல் இரண்டு எழுத்துகளும் இதையே சொல்லும். ஐஐ என்றால் ஒழுங்காக நிறுவப்பட்டது. ஐயூ என்றால் பிரித்து வைத்தாயிற்று, அமைப்பு முடியவில்லை. ஐஎஃப் என்றால் அமைக்கும்போது போஸ்ட்இன்ஸ்ட் விழுந்தது. ஐஎச் என்றால் பிரிக்கும்போதே அறுந்தது. நான்கில் மோசமானது இதுதான். ஆர்சி என்றால் பேக்கேஜ் போய்விட்டது, அமைப்புக் கோப்பு மட்டும் மிச்சம், அதனால் ஆபத்தில்லை.

வெறுமனே இணைப்பு அறுந்தோ டெர்மினல் மூடியோ நின்ற அப்கிரேடு இந்த இரண்டு கட்டளையில் முடிந்துவிடும். இதே வரிசையில் கொடுங்கள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்

இரண்டாவது கட்டளை எதையாவது நீக்கப்போவதாகச் சொன்னால், பட்டியலை முழுக்கப் படித்த பிறகே சம்மதியுங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் காரணம் இனி வருபவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பூட்டு

"குட் நாட் கெட் லாக் /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரன்டெண்ட்" என்று வந்தால் வேறொரு நிரல் பேக்கேஜ் வேலையில் இருக்கிறது. உபுண்டுவில் பெரும்பாலும் அது பின்னணியில் ஓடும் அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ். புதிய ஆப்ட் அதன் ப்ராசஸ் எண்ணையும் சேர்த்தே காட்டும். பழைய ஆப்ட்டில் "சூடோ எஃப்யூசர் -வி" போட்டு அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் எண் கிடைக்கும். கணினி இப்போதுதான் தொடங்கியது என்றால் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

பூட்டுக் கோப்பை ஆர்எம் போட்டு அழிக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். அழிக்காதீர்கள். கோப்பு அங்கே இருப்பது பூட்டு அல்ல. ஓடும் நிரல் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையக்கரு) அந்தக் கோப்பின் மேல் வாங்கி வைத்திருக்கும் உரிமைதான் பூட்டு. நிரல் செத்துவிட்டால் உரிமை தானாகப் போய்விடும், கோப்பு கிடந்தாலும் தடையில்லை. நிரல் உயிரோடு இருக்கும்போது கோப்பை அழித்தால், புதிதாக உருவாகும் கோப்பின் மேல் இரண்டாவது டிபிகேஜி உரிமை வாங்கிக்கொள்ளும். பிறகு இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் எழுதும். இடிசி, வார் இரண்டுக்கும் நகல் இல்லாத சர்வரில் இதைவிடக் கெட்ட காரியம் குறைவு.

பூட் பார்ட்டிஷன் நிரம்பியது

வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து நிறுவிய மடிக்கணினிகளில் மிகவும் அடிக்கடி வருவது இதுதான். அங்கே /பூட் தனிப் பார்ட்டிஷன், பழைய நிறுவல்களில் 500 எம்பி அளவில் இருக்கும். ஒவ்வொரு கெர்னலும் தன் இனிட்ரேம்எஃப்எஸ் கோப்போடு (பூட் ஆகும்போது முதலில் ஏறும் தற்காலிகக் கோப்பு அமைப்பு) வரும்; ஃபர்ம்வேர் சேரச் சேர அந்தக் கோப்பு பருத்துக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு, அப்டேட்-இனிட்ரேம்எஃப்எஸ் புதியதை ".நியூ" என்ற பின்னொட்டோடு முழுசாக எழுதி முடித்த பிறகே பழையதை மாற்றும். ஆகவே அந்த ஒரு கணத்தில் ஒரே கெர்னலுக்கு இரட்டிப்பு இடம் வேண்டும். அதனால்தான் டிஎஃப் கட்டளையில் 60 எம்பி மிச்சம் தெரிந்தும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" வருகிறது. டெபியன் 13க்குப் போகிறவர்களுக்கு அதன் வெளியீட்டுக் குறிப்பே /பூட் குறைந்தது 768 எம்பி இருக்கட்டும், அதில் 300 எம்பி அளவுக்குக் காலியாக இருக்கட்டும் என்கிறது.

முதலில் "யூநேம் -ஆர்" போட்டு இப்போது ஓடும் கெர்னலின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடக்கூடாது. பிறகு நிறுவியிருக்கும் கெர்னல்களைப் பாருங்கள்:

டிபிகேஜி -எல் 'லினக்ஸ்-இமேஜ்-*' | க்ரெப் ^ஐஐ

ஓடுவதும் மிகப் புதியதும் நிற்கட்டும், மற்றவை போகலாம். வழக்கமான வழி "சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்". ஆனால் ஏற்கெனவே பாதியில் நிற்பதால் ஆப்ட் முரண்டு பிடிக்கும். அப்போது டிபிகேஜியிடம் நேரே போங்கள்: "சூடோ டிபிகேஜி --பர்ஜ்", அதன்பின் பழைய லினக்ஸ்-இமேஜ் பேக்கேஜின் முழுப் பெயர். உபுண்டுவில் அதே எண் கொண்ட லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ராவும் இருந்தால் இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். எக்ஸ்ட்ரா பேக்கேஜ் இமேஜைச் சார்ந்திருப்பதால் தனியே கொடுத்தால் மறுக்கும்.

அதற்கும் வழியில்லை, நீக்கப் பழைய கெர்னலே இல்லை என்றால், ஓடாத கெர்னலின் இனிட்ஆர்டி (அதே இனிட்ரேம்எஃப்எஸ்) கோப்பை /ரூட் ஃபோல்டருக்கு எம்வி போட்டு நகர்த்துங்கள். டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ முடிந்தபின், இடம் இருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். /பூட்டில் இருக்கும் கெர்னல் கோப்புகளை ஆர்எம் போட்டு அழித்துவிட்டு அப்படியே விடுவது தவறு. டிபிகேஜி கணக்கில் அந்தக் கெர்னல் இன்னும் இருப்பதாகவே பதிவு நிற்கும், அடுத்த அப்கிரேடில் குழப்பம் தொடரும்.

இடம் நிரந்தரமாகவே குறைவு என்றால் /இடிசி/இனிட்ரேம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ரேம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற வரியில் மோஸ்ட் என்பதை டெப் என்று மாற்றலாம். உங்கள் வன்பொருளுக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், கோப்பு கணிசமாகச் சுருங்கும். ஆனால் அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

டிஎஃப் -எச் தாராளமாக இடம் காட்டியும் அதே பிழை வந்தால் "டிஎஃப் -ஐ" போட்டுப் பாருங்கள். சிறிய மெய்நிகர் சர்வர்களில் ஐநோடு (கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கும். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளோடு வரும் பழைய லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ்கள்தான் வழக்கமான காரணம்.

போஸ்ட்இன்ஸ்ட் விழும்போது: ஒரு மையெஸ்க்யூஎல் உதாரணம்

உபுண்டு 18.04இல் மையெஸ்க்யூஎல் தரவுத்தள சர்வர் 5.7 இருந்தது, 20.04இல் 8.0. அந்த மாற்றத்தில் பல சர்வர்கள் ஒரே இடத்தில் விழுந்தன. கடைசிப் பிழை மையெஸ்க்யூஎல்-சர்வர் பேக்கேஜின் பெயரைச் சொல்லும்: "டிபென்டென்சி ப்ராப்ளம்ஸ் - லீவிங் அன்கான்ஃபிகர்டு". அது வெறும் மெட்டா பேக்கேஜ் (உள்ளே ஒன்றுமில்லை, உண்மையான பேக்கேஜை இழுத்துவரும்), குற்றம் அதன் மேல் இல்லை. சில வரி மேலே போனால் மையெஸ்க்யூஎல்-சர்வர்-8.0 பேக்கேஜின் போஸ்ட்இன்ஸ்ட் "எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1" என்று முடிந்திருப்பது தெரியும். அதுவும் காரணம் அல்ல. போஸ்ட்இன்ஸ்ட் சர்வரைத் தொடங்கப் பார்த்தது, சர்வர் எழவில்லை, அதனால் ஸ்கிரிப்ட் 1 என்று திரும்பியது. ஏன் எழவில்லை என்பது டிபிகேஜிக்குத் தெரியாது, மையெஸ்க்யூஎல்லுக்குத்தான் தெரியும். /வார்/லாக்/மையெஸ்க்யூஎல்/எரர்.லாக் கோப்பைத் திறந்தால் அங்கே நேராக இருக்கும்: "அன்னோன் வேரியபிள் 'க்வெரி_கேஷ்_லிமிட்=1எம்'".

க்வெரி கேஷ் வசதியே 8.0இல் எடுக்கப்பட்டுவிட்டது. 5.7 காலத்து எம்ஒய்எஸ்க்யூஎல்டி.சிஎன்எஃப் கோப்பில் க்வெரி_கேஷ்_லிமிட், க்வெரி_கேஷ்_சைஸ் இரண்டும் இயல்பாகவே இருந்தன. அந்தக் கோப்பில் யாராவது ஒரு வரி மாற்றியிருந்து, அப்கிரேடின்போது "பழையதையே வைத்துக்கொள்" என்று பதில் சொல்லியிருந்தால் அவை அப்படியே தங்கிவிட்டன. தீர்வு இரண்டு நிமிட வேலை: அந்த இரண்டு வரிகளின் முன்னால் # போட்டு, டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ கொடுத்தால் முடிந்தது. மையெஸ்க்யூஎல்லை நீக்கி மறுபடி நிறுவத் தேவையே இல்லை. பதற்றத்தில் பர்ஜ் கொடுத்தால், தரவுத்தளத்தையும் அழிக்கவா என்ற கேள்விக்கு ஒரு தவறான பதில் போதும், எல்லாம் போய்விடும்.

வேறு எந்தச் சர்வீஸானாலும் வழி இதேதான். "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்", பிறகு "ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்இயூ", சர்வீஸின் பெயர். அதன் சொந்த லாக் சொல்வதை நம்புங்கள்.

லாக் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்கிரிப்டையே பேச வைக்கலாம். /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோவில் அந்தப் பேக்கேஜின் .போஸ்ட்இன்ஸ்ட் கோப்பைத் திறந்து, "செட் -இ" என்ற வரிக்குக் கீழே "செட் -எக்ஸ்" என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி டிபிகேஜி --கான்ஃபிகர் ஓட்டுங்கள். எந்த வரியில் விழுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

அதே கோப்பின் மேலே "எக்ஸிட் 0" என்று எழுதிவிடு, பிழை போய்விடும் என்றும் ஒரு யோசனை சுற்றுகிறது. பிழை போகும், வேலையும் நடக்காது. பயனர் உருவாகியிருக்க மாட்டார், தரவு மாறியிருக்காது, ஆனால் டிபிகேஜி ஐஐ என்று எழுதிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து அது வெடிக்கும்போது காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நீக்கப்போகிற பேக்கேஜின் ப்ரீஆர்எம் வழிமறித்தால் மட்டும், அதுவும் ஸ்கிரிப்டை முழுதாகப் படித்த பிறகு, இதைச் செய்யலாம்.

அமைப்புக் கோப்பைப் பற்றிக் கேட்கும்போது

நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்புக்குப் புதிய பதிப்பு வந்தால், எதை வைத்துக்கொள்வது என்று டிபிகேஜி நடுவில் நின்று கேட்கும். ஒய் என்றால் புதியது வரும், உங்களுடையது .டிபிகேஜி-ஓல்டு என்ற பின்னொட்டோடு தங்கும். என் என்றால் உங்களுடையது நிற்கும், புதியது .டிபிகேஜி-டிஸ்ட் என்று பக்கத்தில் வரும். வெறும் என்டர் தட்டினால் என். முடிவெடுக்கும் முன் ஒருமுறையாவது டி தட்டி வித்தியாசத்தைப் பாருங்கள். மேலே சொன்ன மையெஸ்க்யூஎல் சிக்கலுக்கு அந்த ஒரு எழுத்து போதுமானதாக இருந்திருக்கும். தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்எச் அமைப்பு மாறினால், இணைப்பை விடும் முன் "சூடோ எஸ்எஸ்எச்டி -டி" ஓட்டுங்கள். அது ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் அமைப்பில் எழுத்துப் பிழை இல்லை.

சார்பு பொருந்தாமை

"அன்மெட் டிபென்டென்சீஸ்" வரும்போது கூடவே "யூ ஹேவ் ஹெல்டு ப்ரோக்கன் பேக்கேஜஸ்" என்றும் வரும். அதைப் பார்த்து எதையோ நிறுத்தி வைத்திருப்பதாக எண்ண வேண்டாம். "ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு" வெறுமையாக இருந்தால் அப்படி எதுவும் இல்லை. உண்மையான காரணம் பெரும்பாலும் அந்நியக் களஞ்சியம். டெபியன் 12இல் லிப்சி6 (எல்லா நிரலும் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்) பதிப்பு 2.36. உபுண்டு 24.04க்காகக் கட்டிய பேக்கேஜ் 2.38க்கு மேல் கேட்டால் டெபியன் 12இல் அது ஒருநாளும் அமையாது, எத்தனை முறை --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் கொடுத்தாலும்.

"ஆப்ட்-கேஷ் பாலிசி" போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து, என்ன முன்னுரிமை எண்ணோடு வருகிறது என்று காட்டும். இயல்பு எண் 500. நிறுவியிருக்கும் பதிப்பின் பக்கத்தில் களஞ்சிய முகவரியே இல்லாமல் 100 மட்டும் இருந்தால், அது எங்கிருந்தோ வந்து அனாதையாக நிற்கிறது. அந்தக் களஞ்சியத்தை முடக்கி, ஆப்ட் அப்டேட் கொடுத்து, "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பெயர்=பதிப்பு" என்று அதிகாரப்பூர்வப் பதிப்புக்கு இறக்கலாம். சாதாரணப் பேக்கேஜுக்கு இது சரி. லிப்சி6ஐ இப்படி இறக்கப் பார்க்காதீர்கள். கணினி முழுதும் அதன் மேல்தான் நிற்கிறது.

"ட்ரையிங் டு ஓவர்ரைட்" பிழைக்கும் வேர் இதேதான்: இரண்டு பேக்கேஜ் ஒரே கோப்பைக் கொண்டுவருகின்றன. மற்றப் பேக்கேஜின் பெயர் அதே வரியில் இருக்கும். பழையது இனி தேவையில்லை என்றால் அதை நீக்குங்கள். --ஃபோர்ஸ்-ஓவர்ரைட் கடைசி வழி.

"கெப்ட் பேக்" என்று சில பேக்கேஜ்கள் நிற்பது பிழையே அல்ல. ஆப்ட் அப்கிரேடு புதியவற்றைச் சேர்க்கும், எதையும் நீக்காது. நீக்கம் தேவைப்பட்டால் நிறுத்தி வைக்கும். உபுண்டுவில் "டிஃபர்டு ட்யூ டு ஃபேசிங்" என்றிருந்தால் அந்த அப்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் விடுகிறார்கள், உங்கள் முறை வரும். மற்றவற்றுக்கு ஃபுல்-அப்கிரேடு, ஆனால் ஒத்திகை பார்த்த பிறகு:

ஆப்ட் -எஸ் ஃபுல்-அப்கிரேடு | க்ரெப் ^ரெம்வி

இங்கே "ரெம்வி" என்பதன் முதல் எழுத்து பேரெழுத்து. இந்தப் பட்டியலில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயர் இருந்தால் நிறுத்துங்கள். "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று முழு வாக்கியத்தைத் தட்டச் சொல்லிக் கேட்டால் கணினி உயிர்வாழத் தேவையான ஒன்றை நீக்கப்போகிறது, அங்கே சம்மதிக்க ஒரு நியாயமும் இல்லை.

இறங்குவதற்கே முன் நிற்பவை

404 வந்தால் முதலில் ஆப்ட் அப்டேட் கொடுத்துப் பாருங்கள், பட்டியல் பழசாயிருக்கும். அதன் பிறகும் 404 என்றால் உங்கள் பதிப்பின் காலம் முடிந்து களஞ்சியம் இடம்பெயர்ந்திருக்கலாம்: டெபியனுக்கு ஆர்க்கைவ்.டெபியன்.ஆர்க், உபுண்டுவுக்கு ஓல்டு-ரிலீசஸ்.உபுண்டு.காம். "ஹாஷ் சம் மிஸ்மேட்ச்" வந்தால் /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் உள்ளே இருப்பதை அழித்து மறுபடி அப்டேட். இதை அழிப்பதில் ஆபத்து இல்லை, எல்லாம் மறுபடி இறங்கும். அலுவலக ப்ராக்ஸி பழைய நகலைத் தருவதும் இதற்குக் காரணமாகும். "நாட் வேலிட் யெட்" என்றால் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பேட்டரி தீர்ந்த பழைய மதர்போர்டுகளில் இது சகஜம். "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ" போதும்.

"நோ_பப்கீ" என்றால் சாவி இல்லை. "எக்ஸ்ப்கீசிக்" என்றால் சாவி காலாவதி. களஞ்சியக்காரரின் தளத்திலிருந்தே புதிய சாவியை எடுத்து /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் ஃபோல்டரில் வைத்து, களஞ்சிய வரியில் சைன்டு-பை என்று அதன் பாதையைக் கொடுங்கள். பழைய ஆப்ட்-கீ கட்டளை டெபியன் 13இல் கிடையாது. ட்ரஸ்டட்=யெஸ் போட்டுச் சரிபார்ப்பையே அணைப்பது, யார் எதை அனுப்பினாலும் ரூட் உரிமையோடு நிறுவுவேன் என்று சொல்வதற்குச் சமம்.

பைத்தான்3ஐ மாற்றியவர்களுக்கு

"நோ மாட்யூல் நேம்டு 'ஆப்ட்_பிகேஜி'" என்றோ, பல பேக்கேஜ்களில் பிஒய்3கம்பைல், பிஒய்3க்ளீன் பிழைகளோ வந்தால் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 எங்கே சுட்டுகிறது என்று "எல்எஸ் -எல்" போட்டுப் பாருங்கள். புதிய பைத்தான் வேண்டும் என்று அந்தச் சுட்டியை யாரோ மாற்றியிருப்பார்கள். உபுண்டு 22.04இல் அது 3.10ஐச் சுட்ட வேண்டும், 24.04இல் 3.12ஐ, டெபியன் 12இல் 3.11ஐ, 13இல் 3.13ஐ. "சூடோ எல்என் -எஸ்எஃப்" போட்டு மீட்டுவிட்டு, வேறு பதிப்பு வேண்டுமானால் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டில் அறுந்தது

"பார்சிங் ஃபைல் /வார்/லிப்/டிபிகேஜி/அப்டேட்ஸ்/0002" என்று பிழை வந்தால் அந்த அப்டேட்ஸ் ஃபோல்டரின் உள்ளே இருக்கும் கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தி, டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ கொடுங்கள். ஸ்டேட்டஸ் கோப்பே காலியாகியிருந்தால் பக்கத்தில் ஸ்டேட்டஸ்-ஓல்டு இருக்கும், /வார்/பேக்கப்ஸ் ஃபோல்டரில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 முதலான நகல்களும் இருக்கும். ஆகப் புதிய நல்ல நகலைப் பிரதியெடுத்து வைத்தபின் ஆப்ட் அப்டேட், --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால். "வெரி பேட் இன்கன்சிஸ்டென்ட் ஸ்டேட்" என்று ஒரு பேக்கேஜைக் காட்டினால் "ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்". அதன் கோப்பு எங்குமே கிடைக்காவிட்டால் மட்டும் "டிபிகேஜி --ரிமூவ் --ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக்".

ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளிவந்தது. 11இல் இருப்பவர்கள் 12க்குப் போய், எல்லாம் ஐஐ ஆன பிறகே 13க்குப் போக வேண்டும். தாண்டிக் குதிக்க முடியாது. 12லிருந்து ஃபர்ம்வேருக்கு நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று தனிப் பிரிவு; களஞ்சிய வரியில் அதைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். அந்நியக் களஞ்சியங்களை முதலிலேயே முடக்குங்கள்.

எஸ்எஸ்எச் வழியே செய்வதானால் டீமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் உள்ளே ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். உபுண்டுவின் டூ-ரிலீஸ்-அப்கிரேடு இதைத் தானே செய்கிறது. அதோடு 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் சர்வரையும் திறந்து வைக்கும். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்தால்தான் அதனால் பயன்.

எல்லாம் முடிந்தபின் டிபிகேஜி --ஆடிட் ஒரு வரிகூடக் காட்டாமல் திரும்ப வேண்டும். "ஆப்ட் லிஸ்ட் '~ஓ'" எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத மிச்சங்களைக் காட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாததை நீக்குங்கள். /இடிசியின் கீழ் .டிபிகேஜி-டிஸ்ட், .யூசிஎஃப்-டிஸ்ட் என்று முடியும் கோப்புகளை ஃபைண்டு கட்டளையில் தேடி, உங்கள் கோப்போடு டிஃப் போட்டுப் பாருங்கள். பிறகு ரீபூட் செய்து, யூநேம் -ஆர் புதிய கெர்னலைக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பழைய கெர்னலை நீக்குங்கள்.